விரலின் இசை, விரல் மாறும் இசை: டொக்காட்டாவும் டிரான்ஸ்கிரிப்ஷனும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிறு வயதில் வயலினும், பிறகு கொஞ்சம் பியானோவும் கற்றுக்கொண்டேன். மேற்கத்திய செவ்வியல் இசையைப் புதிதாகக் கேட்கத் தொடங்கும் நண்பர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பது இரண்டு சொற்களைப் பற்றித்தான். ஒன்று டொக்காட்டா, இன்னொன்று டிரான்ஸ்கிரிப்ஷன். இரண்டுக்கும் சம்பந்தமே இல்லாதது போலத் தோன்றும். என் கண்ணில் இரண்டும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். விரலுக்கும் வாத்தியத்துக்கும் இடையிலான உறவிலிருந்து பிறப்பது டொக்காட்டா. அந்த உறவைப் பிரித்து வேறொரு வாத்தியத்தோடு சேர்த்துவைக்கும் வேலை டிரான்ஸ்கிரிப்ஷன். இதை மனதில் வைத்துக்கொண்டு பதில்களைப் படியுங்கள்.

டொக்காட்டா என்றால் என்ன?

இத்தாலிய மொழியில் 'தொக்காரே' என்றால் தொடுவது. பாடப்படுவது கன்டாட்டா, ஒலிக்கப்படுவது சொனாட்டா, தொடப்படுவது டொக்காட்டா. கட்டைகளை விரல் தொடுகிற அந்தச் செயலே பெயராகிவிட்டது.

16-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், வட இத்தாலியில், முக்கியமாக வெனிஸில் இது உருவெடுத்தது. ஆந்த்ரேயா காப்ரியேலி, கிளாவ்தியோ மேருலோ போன்ற ஆர்கன் கலைஞர்கள் எழுதியவற்றைப் பார்த்தால், கலைஞர் வாத்தியத்தின் முன் உட்கார்ந்து, ஒரு கார்டை (சேர்ந்து ஒலிக்கும் பல ஸ்வரங்களை) அழுத்திக் காத்திருந்து, அதன்மேல் விரலை ஓடவிட்டு, வாத்தியத்தின் குணத்தைத் தெரிந்துகொள்வது கண்முன் தெரியும். முன்கூட்டித் திட்டமிடாமல் அந்த நேரத்தில் தோன்றுவதை வாசிப்பது போன்ற தொனி. ஆனால் எழுதி வைக்கப்பட்ட இசை.

ரோம் நகரில் புனித பேதுரு பேராலயத்தின் ஆர்கன் கலைஞராக இருந்த ஜிரோலாமோ ஃப்ரெஸ்கோபால்டி 1615-இல் தம் டொக்காட்டாக்களின் முதல் தொகுதியை வெளியிட்டார். அதற்கு அவர் எழுதிய முன்னுரை எனக்கு மிகவும் பிடித்த இசைக் குறிப்புகளில் ஒன்று. தாளத்தைக் கறாராகப் பிடித்துக்கொள்ளாதே, உணர்ச்சிக்கு ஏற்ப நிதானமாகவும் வேகமாகவும் போ, வேண்டிய இடத்தில் நிறுத்திக்கொள், முழுவதையும் வாசித்தே தீரவேண்டும் என்பதில்லை என்கிறார். கர்நாடக இசை கேட்டுப் பழகிய காதுக்கு இந்த இடத்தில் ஆலாபனையும் தானமும் நினைவுக்கு வரும். நேரடித் தொடர்பு எதுவும் கிடையாது. ஆனாலும் அந்த நினைவோடு கேட்டால் ஃப்ரெஸ்கோபால்டி சீக்கிரம் பிடிபடுவார்.

ஆனால் நான் கேட்ட டொக்காட்டா எல்லாம் மெஷின் மாதிரி ஒரே வேகத்தில் ஓடுகிறதே?

அது பிற்காலத்து டொக்காட்டா. பெயர் ஒன்றுதான், குணம் ஏறக்குறைய எதிர்மாறாக ஆகிவிட்டது.

நடுவில் நிற்பவர் ஜெர்மன் இசைமேதை பாஹ். ஹார்ப்ஸிகார்டு போன்ற கட்டை வாத்தியங்களுக்கு அவர் எழுதிய ஏழு டொக்காட்டாக்களில் (பாஹ் படைப்புகளின் பட்டியலில் எண் 910 முதல் 916 வரை) சுதந்திரமாக அலையும் பகுதியும் ஒரே மெட்டைப் பல குரல்கள் ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துப் பின்னும் கட்டுக்கோப்பான ஃபியூக்கும் மாறி மாறி வரும். 19-ஆம் நூற்றாண்டில் செர்னியும் ஷூமனும் அலையும் பகுதியை விட்டுவிட்டு ஓடும் பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். ஷூமனின் ஓபஸ் 7 சி மேஜர் டொக்காட்டா 1834-இல் அச்சானது. (ஓபஸ் என்பது படைப்பு வரிசை எண். சி, டி, ஈ போன்றவை ஸ்வரங்களின் பெயர்கள். மேஜர், மைனர் என்பவை ஸ்வர வரிசையின் இரண்டு வகைகள்.) ஒரு கையால் இரண்டு ஸ்வரங்களைச் சேர்த்துச் சேர்த்து, இடைவிடாமல் வாசிக்க வேண்டிய துண்டு. இன்றைக்கும் பியானோ மாணவர்கள் அந்தப் பக்கத்தைத் திறந்ததும் மூச்சை இழுத்துவிட்டுக்கொள்கிறார்கள்.

இந்த மாற்றத்துக்கு வாத்தியத்தின் உள்வேலையும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். பழைய பியானோவில் ஒரு கட்டையை மறுபடி அடிக்க, அது முழுக்க மேலே எழும்பி வரும்வரை காத்திருக்க வேண்டும். 1821-இல் பியானோ தயாரித்த எரார் குடும்பம் காப்புரிமை பெற்ற இயக்கமுறையில் கட்டை பாதி எழும்பியதுமே மறுபடி அழுத்தலாம், தந்தியை அடிக்கும் சுத்தி தயாராக நிற்கும். ஒரே ஸ்வரத்தைப் படபடவென்று தட்டுவது அதன் பிறகுதான் பியானோவுக்கு இயல்பான பேச்சானது. 1912-இல் புரோகோஃபியெவ் எழுதிய ஓபஸ் 11 டொக்காட்டா, ஒரே ஒரு டி ஸ்வரத்தை இரண்டு கைகளும் மாற்றி மாற்றித் தட்டுவதில் தொடங்கும். 1932-இல் கச்சதூரியன் எழுதியதும் இந்த வம்சம்தான்.

அப்புறம் ஒரு துணைச் செய்தி. மொன்டெவெர்டியின் 1607-ஆம் ஆண்டு ஓபரா 'ஓர்ஃபேயோ' டொக்காட்டா என்ற பெயருள்ள பகுதியோடுதான் தொடங்குகிறது. அது எக்காள முழக்கம். கட்டையும் இல்லை, விரல் ஓட்டமும் இல்லை. பழைய காலத்தில் இந்தச் சொல்லுக்கு அந்தப் பொருளும் இருந்தது.

ஒரே ஒரு டொக்காட்டா கேட்கத்தான் நேரம் இருக்கிறது என்றால்?

பிரெஞ்சு இசையமைப்பாளர் ராவெலின் 'கூப்பரேன் நினைவுச் சின்னம்' என்ற பியானோத் தொகுப்பின் கடைசித் துண்டு. நான்கு நிமிடம்தான்.

1914-க்கும் 1917-க்கும் இடையில், முதல் உலகப் போர் நடந்துகொண்டிருக்கையில் ராவெல் எழுதிய தொகுப்பு இது. அவரே ராணுவத்தில் லாரி ஓட்டினார். ஆறு துண்டுகளையும் போரில் இறந்த நண்பர்களுக்குக் காணிக்கையாக்கினார். முதல் துண்டு ழாக் ஷார்லோ என்பவருக்கு. ராவெல் நான்கு கைகளுக்காக எழுதிய 'வாத்து அம்மா' தொகுப்பை இரண்டு கைகளுக்குச் சுருக்கித் தந்தவர் இந்த ஷார்லோ. அதாவது ஒரு டிரான்ஸ்கிரிப்ஷன்காரரின் நினைவில் தொடங்குகிற தொகுப்பு டொக்காட்டாவில் முடிகிறது. அந்தக் கடைசித் துண்டின் காணிக்கை ஜோசப் த மர்லியாவ் என்ற இசை ஆய்வாளருக்கு. 1914 ஆகஸ்டில் போர் தொடங்கிய சில வாரங்களிலேயே இறந்துபோனவர். 1919 ஏப்ரலில் பாரிஸில் இந்தத் தொகுப்பை முதன்முதலாக மேடையில் வாசித்தவர் மர்கரீத் லோங். மர்லியாவின் மனைவி.

இதைத் தெரிந்துகொண்ட பிறகு அந்தத் துண்டை என்னால் வெறும் விரல் சாகசமாகக் கேட்க முடியவில்லை. ஈ மைனரில் மெல்லிய தட்டலாகத் தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாக ஏறி, ஈ மேஜரின் பேரொளியில் போய் முடியும். பின்னர் ராவெல் இந்தத் தொகுப்பை ஆர்க்கெஸ்ட்ராவுக்கு மாற்றியபோது நான்கு துண்டுகளை எடுத்துக்கொண்டு ஃபியூக்கையும் டொக்காட்டாவையும் விட்டுவிட்டார். வாத்திய மாற்றத்தில் அவரைப் போன்ற கைகாரர் அபூர்வம். அவரே தொடாமல் விட்டிருக்கிறார். ஒரு ஸ்வரத்தைத் தட்டும் விரலின் உணர்வு பியானோவை விட்டு நகராது என்று அவருக்குத் தோன்றியிருக்கலாம் என்பது என் ஊகம்.

வயலினுக்கு டொக்காட்டா கிடையாதா?

பெயரோடு வருவது குறைவு. ஸ்ட்ராவின்ஸ்கி 1931-இல் எழுதிய வயலின் கன்செர்ட்டோவின் (தனி வாத்தியமும் ஆர்க்கெஸ்ட்ராவும் சேர்ந்து வாசிக்கும் படைப்பு) முதல் பகுதிக்கு டொக்காட்டா என்றுதான் பெயர். முதலில் வருகிற அகலமான கார்டு வயலினில் பிடிக்கவே முடியாதது போலக் காகிதத்தில் தெரியும். சாமுவேல் துஷ்கின் என்ற வயலின் கலைஞரிடம் ஸ்ட்ராவின்ஸ்கி அதைக் காட்டியபோது, முடியாது என்றுதான் அவரும் முதலில் சொன்னார். வீட்டுக்குப் போய் வாசித்துப் பார்த்தால் கை எளிதாகப் பிடித்துக்கொண்டது. கண் முடியாது என்றதை விரல் முடியும் என்று சொன்ன சம்பவம் அது.

பெயரில்லாமல் டொக்காட்டாவாக இருக்கும் வயலின் துண்டு எது என்று கேட்டால் பாஹின் மூன்றாம் பார்ட்டீட்டாவின் (பல துண்டுகள் சேர்ந்த தொகுப்பு) தொடக்கமான ஈ மேஜர் பிரெலூடியோவைக் காட்டுவேன். பாஹ் 1720 என்று தேதியிட்டு அழகான கையெழுத்தில் படியெடுத்து வைத்திருக்கும் ஆறு தனி வயலின் படைப்புகளில் கடைசியானதன் முதல் துண்டு. தொடங்கியதிலிருந்து முடியும்வரை சின்னச் சின்ன ஸ்வரங்கள் ஓடிக்கொண்டே இருக்கும். அதில் ஓரிடத்தில் வில் மூன்று தந்திகளுக்கு இடையே ஊஞ்சல் ஆடும். விரல் வைக்காத ஈ தந்தி ஒலிக்கும். பக்கத்துத் தந்தியில் விரல் வைத்து அதே ஈ ஸ்வரமும் வரும். ஸ்வரம் ஒன்று, நிறம் இரண்டு. ஒன்று கணீர் என்றிருக்கும், மற்றது கொஞ்சம் மங்கலாக, நெருக்கமாக இருக்கும். அந்த மின்னி மறைதலுக்காகவே அந்த இடம் எழுதப்பட்டிருக்கிறது.

இந்த இடத்தைப் பியானோவில் வாசித்தால் என்ன ஆகும்? பியானோவில் அந்த ஈ-க்கு ஒரே கட்டைதான். இரண்டு நிறம் கிடையாது. டிரான்ஸ்கிரிப்ஷனின் முழுச் சிக்கலும் இந்த ஒரு கேள்விக்குள் இருக்கிறது.

அப்படியானால் டிரான்ஸ்கிரிப்ஷன் என்பது என்ன? அரேஞ்ச்மென்டிலிருந்து எப்படி வேறுபடுகிறது?

ஒரு வாத்தியத்துக்கு எழுதிய இசையை இன்னொரு வாத்தியத்துக்கு மாற்றி எழுதுவது டிரான்ஸ்கிரிப்ஷன். மூலத்தின் போக்கை அப்படியே வைத்துக்கொண்டு, புது வாத்தியத்துக்கு வேண்டிய மாற்றங்களை மட்டும் செய்வது என்று பொதுவாகச் சொல்வார்கள். கூடுதல் உரிமை எடுத்துக்கொண்டால் அரேஞ்ச்மென்ட், பாராஃப்ரேஸ் என்று பெயர் மாறும். எல்லைக் கோடு தெளிவாக இல்லை. பியானோ மேதை லிஸ்ட், பீத்தோவன் சிம்பொனிகளைத் தாம் பியானோவுக்கு மாற்றியவற்றை, 'பியானோவுக்கான முழு ஸ்கோர் (இசைத்தாள்)' என்ற பொருளில் தனிப்பெயர் வைத்து அழைத்தார். ஒரு வரியைக்கூட மனம்போலச் சேர்க்கவில்லை என்று காட்டத்தான். அதே லிஸ்ட் ஓபரா மெட்டுகளை எடுத்துக்கொண்டால் தம் சொந்த நாடகமே நடத்திவிடுவார்.

அதனால் பெயரைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம்.

எதற்காக இப்படி மாற்றி எழுதினார்கள்?

முதல் காரணம் சாதாரணமானது. ஒலிப்பதிவு இல்லாத காலம். ஒரு சிம்பொனியை வாழ்நாளில் இரண்டு தடவை நேரில் கேட்டாலே பெரிய பாக்கியம். வீட்டில் பியானோ இருந்தால், இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து நான்கு கைகளால் அதை வாசித்துத் தெரிந்துகொண்டார்கள். பதிப்பாளர்களுக்கு நல்ல வியாபாரமும் ஆனது.

இரண்டாவது, கற்றுக்கொள்வதற்கு. விவால்டியின் ஓபஸ் 3 கன்செர்ட்டோக்கள் 1711-இல் ஆம்ஸ்டர்டாமில் அச்சாயின. அப்போது பாஹ் வைமர் அரண்மனையில் வேலையில் இருந்தார். அங்கிருந்த இளவரசர் யோஹான் ஏர்ன்ஸ்ட் நெதர்லாந்துக்குப் படிக்கப்போய், திரும்பும்போது கட்டுக்கட்டாக இசை அச்சுகள் கொண்டுவந்தார். 1713, 1714 வாக்கில் பாஹ் அவற்றில் பலவற்றை ஹார்ப்ஸிகார்டுக்கும் ஆர்கனுக்கும் மாற்றினார். இத்தாலிய வயலின் இசை எப்படி ஓடுகிறது, எங்கே மூச்சு விடுகிறது என்பதை ஒவ்வொரு ஸ்வரமாகத் தம் கையால் எழுதிப் பழகினார். விவால்டியின் வரி மெல்லியதாக இருக்கும் இடத்தில் இடது கைக்குப் புது அசைவு கொடுத்தார், நீண்ட ஸ்வரங்களை அலங்கரித்தார். ஒரு மேதை இன்னொருவரிடம் பாடம் கேட்டதன் நோட்டுப் புத்தகம் என்றே அவற்றைப் பார்க்கிறேன்.

மூன்றாவது, ஆசை. மற்ற வாத்தியக்காரரிடம் இருக்கும் அழகு தன் கைக்கும் வேண்டும் என்கிற ஆசை. பாதிக்கு மேற்பட்ட நல்ல டிரான்ஸ்கிரிப்ஷன்கள் இதில்தான் பிறந்திருக்கின்றன.

வயலினிலிருந்து பியானோவுக்குப் போகும்போது எது போகிறது, எது வருகிறது?

இதற்குக் கொஞ்சம் விரிவாகப் பதில் சொல்கிறேன், ஏனென்றால் இங்கே ஒரே மூலத்துக்கு இரண்டு மகத்தான பதில்கள் இருக்கின்றன.

மூலம், பாஹின் இரண்டாம் வயலின் பார்ட்டீட்டாவின் கடைசிப் பகுதியான ஷகோன். டி மைனரில் நான்கு அளவு (தாளக் கட்டம்) நீளமுள்ள ஓர் அடித்தளம் திரும்பத் திரும்ப வர, அதன்மேல் கால் மணி நேரம் போல வேறுபாடுகள் அடுக்கப்படும். வயலின் வில் வளைவானது அல்ல, தந்திகளைத் தாங்கும் பாலம்தான் வளைவு. அதனால் ஒரே சமயத்தில் இரண்டு தந்திகளைத்தான் நின்று ஒலிக்க வைக்க முடியும். நான்கு ஸ்வரக் கார்டு வந்தால் கீழிரண்டைத் தொட்டுவிட்டு மேலிரண்டுக்கு வில் தாவ வேண்டும். விட்டுவந்த ஸ்வரங்களைக் கேட்பவரின் காது நினைவில் பிடித்துக்கொள்ளும். வயலினால் சொல்ல முடியாததைக் கேட்பவர் மனதில் பூர்த்தி செய்கிறார். ஷகோனின் பெருமை பாதி அந்தப் பூர்த்தியில் இருக்கிறது.

1877-இல் பிராம்ஸ் இதை இடது கைக்கு மட்டும் மாற்றினார். இரண்டு கையும் இருக்கையில் ஒரு கை எதற்கு? பியானோ கலைஞர் கிளாரா ஷூமனுக்கு அவர் எழுதிய கடிதத்தில் காரணம் இருக்கிறது. சின்ன வாத்தியம் ஒன்றுக்காக ஒற்றை வரியில் பாஹ் ஒரு உலகத்தையே எழுதிவிட்டார் என்று வியக்கிறார். இடது கையால் மட்டும் வாசிக்கும்போதுதான், அதே மாதிரிக் கஷ்டமும் அதே மாதிரிக் கார்டு உடைப்பும் சேர்ந்து, தான் ஒரு வயலின்காரன் என்ற உணர்வு வருகிறது என்கிறார். கடிதம் வந்த சமயத்தில் கிளாராவுக்கு வலது கைத் தசைநார் பிசகியிருந்தது, அது தற்செயல். பிராம்ஸ் மூலத்தை ஒரு ஸ்தாயி கீழே இறக்கியதைத் தவிர அதிகம் தொடவில்லை. ஒலியை அவர் மாற்றிக்கொண்டார், கஷ்டத்தை மாற்றவில்லை.

1890-களின் தொடக்கத்தில் பியானோ கலைஞர் புசோனி நேர் எதிராகப் போனார். வயலின்காரரும் கேட்பவரும் மனதில் பூர்த்தி செய்துகொள்ளும் கட்டடத்தை அவர் கல்லால் கட்டி எழுப்பினார். பியானோவின் அடிமட்டம் முதல் உச்சிவரை, பெடல், ஸ்தாயி இரட்டிப்பு, ஆர்கனைப் போன்ற முழக்கம் எல்லாம் உண்டு. நடுவில் டி மேஜருக்கு மாறும் இடம் இருக்கிறதே, அங்கே புசோனி கீழ்ஸ்தாயியில் மெதுவாகத் தொடங்கும் விதம் யாரையும் நிறுத்திவிடும்.

எனக்கு எது பிடிக்கும்? பிராம்ஸ்தான். புசோனியைக் கேட்கையில் பிரமிக்கிறேன். பிராம்ஸைக் கேட்கையில் ஒரு மனிதர் தனியாக வாசிப்பது தெரிகிறது, ஷகோனுக்கு அந்தத் தனிமை வேண்டும் என்று உறுதியாக நம்புகிறேன். இருந்தாலும் புசோனியை ஒதுக்கிவிடாதீர்கள். பெரிய பியானோவில், நேரில் கேட்க வாய்த்தால் விட வேண்டாம்.

முன்பு சொன்ன ஈ மேஜர் பிரெலூடியோவை யாராவது மாற்றினார்களா?

பாஹே மாற்றினார். 1731-இல் லைப்சிக் நகர மன்றம் பதவியேற்ற விழாவுக்கான 29-ஆம் கன்டாட்டாவில், இந்தத் தனி வயலின் துண்டு டி மேஜருக்கு இறங்கி ஆர்கனின் கைக்குப் போகிறது. சுற்றிலும் தந்தி வாத்தியங்கள், டிரம்பெட், முரசு. இரட்டை நிறம் போய்விட்டது, பதிலுக்குத் திருவிழா வந்துவிட்டது. இழப்பைச் சரிக்கட்ட வேறு ஏதாவது கொடுக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்பதைப் பாஹிடமே பார்க்கலாம்.

1933-இல் ரஹ்மானினோஃப் இதே துண்டைப் பியானோவுக்கு எழுதியபோது வேறு வழி பிடித்தார். ஓட்டத்தின் அடியில் மூலத்தில் ஒளிந்திருக்கும் மெட்டுத் துணுக்குகளை வெளியே எடுத்து உள்குரல்களாகப் பாட வைத்தார். பாஹ் அங்கே எழுதாததுதான். ஆனாலும் கேட்டபிறகு மூல வயலினிலும் அந்தக் குரல்கள் கேட்கத் தொடங்கிவிடும்.

லிஸ்டின் 'லா கம்பனெல்லா' வயலின் துண்டா, பியானோ துண்டா?

இரண்டும். வயலின் மேதை பகனீனி 1826-இல் எழுதிய இரண்டாம் வயலின் கன்செர்ட்டோவின் கடைசிப் பகுதி அது. 'சின்ன மணி' என்று பொருள். இருபது வயது லிஸ்ட் 1832-இல் பாரிஸில் பகனீனியைக் கேட்டார். பியானோவில் இதற்கு இணையாக என்ன செய்யலாம் என்ற வெறி பிடித்துக்கொண்டது. 1838-இல் ஆறு பகனீனி எட்யூட்களை (பயிற்சித் துண்டுகள்) எழுதினார். 1851-இல் திருத்தி மறுபடி வெளியிட்டார். நாம் இன்று கேட்பது அந்தத் திருத்திய வடிவம். அதைக் கிளாரா ஷூமனுக்குக் காணிக்கையாக்கினார்.

லிஸ்ட் வயலினின் ஒலியைப் பெயர்க்கவில்லை, அதன் ஆபத்தைப் பெயர்த்தார். பகனீனியின் விரல் தந்தியில் உயரே தாவி, மணிபோன்ற ஸ்வரத்தைக் குருட்டுத்தனமாகப் பிடிக்கும். பியானோவில் வலது கை கிட்டத்தட்ட இரண்டு ஸ்தாயி தூரத்துக்குத் தாவித் தாவி அந்த மணிக் கட்டையைத் தொடும். தவறினால் எல்லோருக்கும் தெரியும். அதிலுள்ள உயிர் அந்தப் பயத்தில்தான்.

பியானோவிலிருந்து வயலினுக்கு வருவது எளிதா?

மெட்டு எளிது, மற்றதெல்லாம் கஷ்டம். ஷோபனின் ஓபஸ் 9 இரண்டாம் நாக்டர்னை சரசாத்தே வயலினுக்கும் பியானோ துணைக்குமாக மாற்றினார். கேட்க இனிமையாகவே இருக்கும். ஆனால் பியானோவில் ஒரு ஸ்வரத்தை அடித்த கணத்திலிருந்தே அது தேய ஆரம்பித்துவிடும். தேயும் ஸ்வரங்களைக் கோத்து, பாடுவது போன்ற மாயையை ஷோபன் செய்கிறார். வயலினால் நிஜமாகவே பாட முடியும் என்பதால் அந்த மாயைக்கு அங்கே வேலையில்லாமல் போகிறது. எனக்கு அது ஒரு இழப்பு.

மாறாக, வயலின் கலைஞர் ஹைன்ரிஹ் வில்ஹெல்ம் ஏர்ன்ஸ்ட், ஷூபர்ட்டின் 'ஏர்ல்கனிக்' (பேயரசன்) பாடலைத் தனி வயலினுக்கு மாற்றியிருப்பதைக் கேளுங்கள். குதிரை ஓடுவதுபோலப் பியானோ தட்டும் ஸ்வரங்கள், அப்பா, பிள்ளை, பேயரசன், கதை சொல்பவர் எல்லாம் நான்கு தந்திக்குள். வாசிப்பவர் கை படும் பாடு கதையின் பதைப்போடு சேர்ந்துவிடுகிறது.

வயலின் கலைஞர் ஹைஃபெட்ஸ் நூற்றுக்கும் மேற்பட்ட துண்டுகளை வயலினுக்கு மாற்றியவர். கெர்ஷ்வினின் பியானோ பிரெலூட்களை அவர் கொண்டுவந்த விதம் இன்றும் புதுசாக இருக்கிறது. புல்லாங்குழலிலிருந்து வந்த கதையும் உண்டு. புரோகோஃபியெவின் 1943 புல்லாங்குழல் சொனாட்டாவைக் கேட்ட வயலின் கலைஞர் டேவிட் ஓய்ஸ்ட்ராக், இதை வயலினுக்குக் கொடுங்கள் என்று கேட்டார். இருவரும் சேர்ந்து உட்கார்ந்து மாற்றினார்கள். பியானோ பகுதியைத் தொடவே இல்லை. 1944-இல் ஓய்ஸ்ட்ராக் அதை வாசித்தார். இன்று வயலின்காரர்கள் அதைத் தங்கள் சொந்தச் சொத்தாக நினைக்கிறார்கள்.

சரியாக வராத டிரான்ஸ்கிரிப்ஷனும் உண்டா, பெரியவர்கள் செய்ததில்?

உண்டு. பீத்தோவன் தம் வயலின் கன்செர்ட்டோவை 1807-இல் பதிப்பாளர் கிளெமெந்தி கேட்டுக்கொண்டதால் பியானோ கன்செர்ட்டோவாக மாற்றிக் கொடுத்தார். வயலினின் ஒற்றை வரி பெரும்பாலும் அப்படியே வலது கைக்குப் போயிருக்கிறது, இடது கை சும்மா துணைக்கு நிற்கிறது. வில்லில் வளரும் நீண்ட ஸ்வரங்கள் பியானோவில் மெலிந்துவிடுகின்றன. ஒரு விஷயம் மட்டும் அற்புதம். முதல் பகுதிக்கு அவர் புதிதாக எழுதிய தனிவாசிப்பில் பியானோவோடு முரசும் சேர்ந்துகொள்ளும். அந்தப் படைப்பே நான்கு முரசு அடியில்தானே தொடங்குகிறது.

எல்லோருக்கும் தெரிந்த அந்த டி மைனர் டொக்காட்டா ஆர்கன் துண்டே இல்லை என்கிறார்களே, நிஜமா?

பாஹ் பட்டியலில் 565-ஆம் எண். பேய்ப் படங்களில் எல்லாம் வரும் அந்தத் தொடக்கம். பாஹின் கையெழுத்துப் பிரதி கிடைக்கவில்லை. நமக்குக் கிடைத்திருக்கும் முக்கியமான ஆதாரம் யோஹனஸ் ரிங்க் என்பவர் எடுத்த நகல். அச்சில் வந்ததே 1833-இல்தான்.

1981-இல் பீட்டர் வில்லியம்ஸ் என்ற ஆய்வாளர் ஒரு கேள்வி எழுப்பினார். தொடக்கத்தில் இரண்டு கைகளும் ஒரே வரியை ஸ்தாயி இடைவெளியில் வாசிக்கின்றன, பாஹின் ஆர்கன் இசையில் இது வழக்கமில்லை. ஃபியூக்கின் மெட்டோ ஒரே ஸ்வரத்துக்குத் திரும்பித் திரும்பி வருகிறது. இதை ஏ மைனருக்கு உயர்த்தி வயலினில் வாசித்தால், அந்தத் திரும்பி வரும் ஸ்வரம் விரல் வைக்காத ஈ தந்தியாகிவிடும். பிரெலூடியோவில் பார்த்த அதே ஊஞ்சல். ஆகவே தனி வயலின் படைப்பு ஒன்றின் ஆர்கன் டிரான்ஸ்கிரிப்ஷனாக இது இருக்கக் கூடுமோ என்றார். பாஹ் எழுதியதுதானா என்றும் சந்தேகப்பட்டார். கிறிஸ்டோஃப் வோல்ஃப் போன்ற ஆய்வாளர்கள் இது பாஹின் இளவயதுப் படைப்புதான் என்கிறார்கள். முடிவு எட்டப்படவில்லை.

வயலின் கலைஞர்கள் சிலர் இதைத் தனி வயலினில் வாசித்துப் பதிவு செய்திருக்கிறார்கள். ஒரு தடவை கேளுங்கள். பேய் காணாமல் போய், ஒல்லியான, துடிப்பான ஒரு குரல் கேட்கும். டௌசிகும் புசோனியும் இதைப் பியானோவுக்கு மாற்றினார்கள், ஸ்டோகோவ்ஸ்கி ஆர்க்கெஸ்ட்ராவுக்கு மாற்றினார். வில்லியம்ஸ் சொன்னது சரியென்றால் அவை எல்லாமே டிரான்ஸ்கிரிப்ஷனின் டிரான்ஸ்கிரிப்ஷன்.

கிரைஸ்லர் பொய் சொன்னார் என்பது என்ன விவகாரம்?

வயலின் கலைஞர் ஃபிரிட்ஸ் கிரைஸ்லர் பல வருடங்களாகத் தம் கச்சேரிகளில், பழைய மேதைகளின் கையெழுத்துப் பிரதிகளிலிருந்து எடுத்து மாற்றியவை என்று சொல்லிச் சில துண்டுகளை வாசித்தார், அச்சிட்டும் விற்றார். புன்யானி எழுதியதாகச் சொல்லப்பட்ட 'பிரெலூடியமும் அலெக்ரோவும்' அவற்றில் புகழ்பெற்றது. 1935-இல், நியூயார்க் டைம்ஸ் விமர்சகர் ஓலின் டௌன்ஸ் அதன் மூலத்தைத் தேடிக் கேட்டபோது, எல்லாம் நானே எழுதியது என்று ஒப்புக்கொண்டார். லண்டன் விமர்சகர் எர்னஸ்ட் நியூமன் கடுமையாகக் கண்டித்தார். நியூமன் பக்கம்தான் எனக்கும் சாய்வு. மூலவர் பெயர் என்பது கேட்பவருக்குக் கொடுக்கும் வாக்கு. அந்தத் துண்டின் அழகுக்கு இதில் எந்தக் குறையும் இல்லை, மாணவர்கள் தயங்காமல் வாசிக்கலாம்.

டிரான்ஸ்கிரிப்ஷன் என்றால் மூலத்தைவிடத் தரம் குறைந்ததுதானே?

புசோனி 1907-இல் வெளியிட்ட தம் நூலில் இதற்குப் பதில் எழுதியிருக்கிறார். மனதில் தோன்றும் இசையைக் காகிதத்தில் எழுதுவதே ஒரு டிரான்ஸ்கிரிப்ஷன்தான் என்பது அவர் வாதம். அவ்வளவு தூரம் நான் போகமாட்டேன். பிரெலூடியோவின் அந்த இரட்டை நிற ஈ வயலினில் மட்டுமே இருக்கிறது, அதை நியாயப்படுத்தி மறைக்க முடியாது. ஆனால் பியானோ கலைஞர் ஹோரோவிட்ஸ் பன்னிரண்டு ஆண்டுகள் மேடைக்கு வராமல் இருந்துவிட்டு 1965 மே மாதம் கார்னெகி ஹாலுக்குத் திரும்பியபோது முதலில் வாசிக்க எடுத்துக்கொண்டது, பாஹின் ஆர்கன் டொக்காட்டா ஒன்றைப் புசோனி பியானோவுக்கு மாற்றியதைத்தான். தொடக்கத்திலேயே ஸ்வரங்கள் தவறின, பதிவில் கேட்கலாம். தம் வாழ்வின் மிக நடுக்கமான மாலையில் ஒரு பெருங்கலைஞர் நம்பிக் கையை வைத்த துண்டு ஒரு டிரான்ஸ்கிரிப்ஷன். தரம் குறைந்தது என்று எப்படிச் சொல்வேன்?

நம் இசையில் இதற்கு ஈடாக ஏதாவது நடந்திருக்கிறதா?

முத்துசுவாமி தீட்சிதர் ஆங்கிலேய பேண்டு மெட்டுகளுக்கு வடமொழி சாகித்தியம் எழுதிய 'நோட்டு ஸ்வர'ங்கள் உண்டு. 'சந்ததம் பாஹிமாம்' பிரிட்டிஷ் தேசிய கீதத்தின் மெட்டு. அவர் தம்பி பாலுசுவாமி தீட்சிதர்தான் வயலினைக் கர்நாடக இசைக்குக் கொண்டுவந்தவர்களில் முன்னோடி. நம் காலத்தில் இளையராஜாவின் 1986 இசைத்தொகுப்பு ஒன்றில், மேலே சொன்ன அதே ஈ மேஜர் பிரெலூடியோ வந்து நம் வயலின்களோடு பேசும். பலரும் பாஹை முதலில் சந்தித்தது அங்கேதான்.

மாணவர்கள் எதில் தொடங்கலாம்?

பியானோவுக்கு, கபலெவ்ஸ்கியின் குழந்தைத் துண்டுகளில் உள்ள 'டொக்காட்டீனா', பிறகு பரதீசியின் ஏ மேஜர் டொக்காட்டா. கச்சதூரியன் அதற்கப்புறம். மெதுவாக, மணிக்கட்டு இறுகாமல். முன்கை வலித்தால் அன்றைக்கு மூடி வையுங்கள். வேகத்துக்காக வலியைப் பொறுத்துக்கொள்ளச் சொல்லும் ஆசிரியரிடம் நானும் ஒரு வருடம் இருந்தேன், சரியாக இன்னொரு வருடம் பிடித்தது. வயலினுக்கு, வில்ஹெல்மி ஜி தந்தியில் மட்டும் வாசிக்கும்படி மாற்றிய பாஹின் 'ஏர்'. ஒரே தந்தியில் முழு மெட்டையும் பாடவைப்பது நல்ல வில் பயிற்சி.

இணையத்தில் கிடைக்கும் ஸ்கோர்களை அச்சிட்டு வாசிக்கலாமா?

பாஹ் இலவசம் என்பதால் பாஹின் டிரான்ஸ்கிரிப்ஷனும் இலவசம் ஆகிவிடாது. மாற்றி எழுதியவருக்குத் தனி உரிமை உண்டு. இந்தியாவில் பொதுவாக அவர் இறந்து 60 ஆண்டுகள் வரை. புசோனி 1924-இலும் ரஹ்மானினோஃப் 1943-இலும் இறந்தார்கள், கவலையில்லை. ஹைஃபெட்ஸ் இறந்தது 1987-இல். அவருடையதை விலை கொடுத்து வாங்குங்கள்.

நானே ஒன்றை மாற்றி எழுதிப் பார்க்கலாமா?

கட்டாயம். எட்டு அளவு போதும். வயலின் வாசிப்பவரானால், உங்களுக்குப் பிடித்த பியானோ துண்டு ஒன்றில் இடது கை வரியை முதலில் பாடிப் பாருங்கள். எந்த ஸ்வரங்களை விட்டாலும் காது அவற்றைத் தானே கேட்டுக்கொள்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள், அவற்றை விட்டுவிடலாம். பியானோ வாசிப்பவரானால் எளிய வயலின் மெட்டை எடுத்து, நீண்ட ஸ்வரம் வரும் இடங்களில் மட்டும் நிறுத்தி, இது தேய்ந்து போகும்போது கீழே என்ன அசைய வேண்டும் என்று கையால் தேடுங்கள். பென்சிலில் எழுதுங்கள். எழுதியதை அந்த வாத்தியம் வாசிக்கும் நண்பரிடம் கொடுத்து, அவர் விரல் எங்கே தயங்குகிறது என்று பக்கத்தில் நின்று பாருங்கள். அந்த இடத்தை அழித்துவிட்டு மறுபடி தொடங்க வேண்டியிருக்கும்.